கன்று காணாத காடு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில் ஃபிஷ் லேக் என்றொரு மலையேரி இருக்கிறது. அதன் தென்மேற்குச் சரிவில் ஆஸ்பென் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. வெளுத்த பட்டை, கிளை உதிர்ந்த இடங்களில் கருந்தழும்புகள். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் காற்று சற்றே அசைந்தாலும் காடு முழுக்கப் படபடக்கும். நடுவே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. கூடாரமடிக்கும் இடங்களும் விடுமுறைக் குடில்களும் உள்ளே இருக்கின்றன. காரில் போகிறவர்கள் அழகான காடு என்று நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது ஒற்றை மரம். 43 ஹெக்டேர், அதாவது 106 ஏக்கர் பரப்பில் நிற்கும் சுமார் 47,000 தண்டுகளும் ஒரே விதையின் வேர்களிலிருந்து கிளம்பியவை. எல்லாவற்றுக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்மரம். அதன் எடை சுமார் 6,000 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரிய நீலத் திமிங்கலம் ஒன்று 150 டன் இருக்கலாம். அப்படி நாற்பது திமிங்கலங்கள் சேர்ந்தால்தான் இந்த ஒரு மரத்தின் எடை வரும். இதுவரை எடைபோடப்பட்ட உயிர்களில் இதுவே மிகக் கனமானது என்று பலரும் கருதுகிறார்கள். பாண்டோ என்பது இந்த மரத்துக்கு 1992இல் மைக்கேல் கிராண்ட், ஜெஃப்ரி மிட்டன், யான் லின்ஹார்ட் ஆகிய மூவர் வைத்த லத்தீன் பெயர்.

ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் அவர்களுக்கு முன்னால் வந்த பர்ட்டன் பார்ன்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வனவியலாளர். மரபணுவைப் படிக்கும் வசதி இல்லாத காலத்தில், வெறும் கண்ணை நம்பி வேலை செய்தவர். ஒரு சரிவில் வசந்தத்தில் எந்த மரங்கள் ஒரே நாளில் துளிர்க்கின்றன, இலையுதிர்காலத்தில் எவை ஒரே பொன்னிறத்துக்கு ஒன்றாகத் திரும்புகின்றன, இலையின் விளிம்பு எப்படி, பட்டையின் நிறம் என்ன, கிளை எந்தக் கோணத்தில் பிரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஜெர்ரி கெம்பர்மேனுடன் சேர்ந்து 1976இல் இதை எழுதி வெளியிட்டார். கண்ணால் மட்டும் இதைச் சொல்ல முடியுமா என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. 2008இல் மரபணுச் சோதனை நடந்தபோது, பார்ன்ஸ் நடந்து நடந்து வரைந்த எல்லை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உலகத்தின் பேருயிர் ஒன்றை அடையாளம் காணப் பொறுமையும் பருவங்களைக் கவனிக்கும் பழக்கமும் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

மிகப்பெரிய உயிர் எது என்று கேட்டால் விடை அளவுகோலைப் பொறுத்து மாறும். உயரம் என்றால் கலிஃபோர்னியாவின் ஹைபீரியன், 115 மீட்டரைத் தாண்டிய ரெட்வுட் மரம். ஒற்றைத் தண்டின் கன அளவு என்றால் செகோயா தேசியப் பூங்காவில் நிற்கும் ஜெனரல் ஷெர்மன், சுமார் 1,487 கனமீட்டர். 2021இல் காட்டுத்தீ நெருங்கியபோது அதன் அடிமரத்தைச் சுற்றி அலுமினியத் தகடு போர்த்திக் காத்தார்கள். இவற்றின் முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கலாம், கழுத்து வலிக்கும், பெரியது என்பது உடம்பிலேயே உறைக்கும். பரப்பையோ மொத்த எடையையோ அளவுகோலாக எடுத்தால் நாம் போய்ச் சேரும் உயிர்கள் வேறு வகையானவை. அவற்றின் உள்ளே நின்றுகொண்டே அவற்றைப் பார்க்காமல் இருக்க முடியும்.

பாண்டோவைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு வாழை போதும். தாய்வாழை குலை தள்ளிச் சாய்வதற்குள் கிழங்கிலிருந்து பக்கக்கன்று எழும்பிவிடுகிறது. தண்டு சாகும், வாழை சாகாது. ஆஸ்பென் அதையே வேரில் செய்கிறது. மண்ணில் ஆழமில்லாமல் கிடையாக ஓடும் வேர்களில் ஆயிரக்கணக்கான மொட்டுகள் உறங்கிக்கிடக்கின்றன. உயர்ந்து நிற்கும் தண்டுகளின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற இயக்குநீர் கீழே இறங்கி வந்து அந்த மொட்டுகளை எழவிடாமல் அடக்கிவைக்கிறது. தீயிலோ நோயிலோ முதுமையிலோ தண்டு விழுந்தால் ஆக்சின் குறைகிறது, மொட்டுகள் விழிக்கின்றன. விதையிலிருந்து முளைக்கும் நாற்றுக்கு வேர் பிடிப்பதே போராட்டம். இந்தக் கன்றுக்கோ பிறக்கும்போதே பெரிய வேர்த்தொகுதி ஒன்று தயாராக இருக்கிறது. ஊசியிலை மரங்கள் எரிந்து கரியாகும் இடத்தில் ஆஸ்பென் பச்சையாக எழும்புவதற்கு இதுதான் காரணம். தனித்தண்டு ஒன்றின் ஆயுள் நூறு, நூற்று முப்பது ஆண்டு. வாழையடி வாழையாக வரும் உயிரின் ஆயுளோ பல்லாயிரம் ஆண்டு.

வாழைக்கும் பாண்டோவுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்டவை. இரண்டாகச் சமமாகப் பிரிய முடியாத அந்தக் கணக்கால்தான் பழத்தில் முளைக்கும் விதை இல்லை. பாண்டோவும் மூன்று தொகுதி கொண்டதுதான். மகரந்தத்தால் வம்சம் வளர்ப்பது அதற்குக் கிட்டத்தட்ட அடைபட்ட வழி. எனவே அதற்குப் பிள்ளை என்று தனியாக எதுவும் இல்லை. எழும் ஒவ்வொரு கன்றும் அதுவேதான். இதை மறக்காமல் இருக்கவேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் துயரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பரப்பளவில் பாண்டோவைச் சிறிதாக்கிவிடும் உயிர் ஒன்று ஆரிகன் மாநிலத்தின் மல்ஹூர் தேசியக் காட்டில் இருக்கிறது. ஆர்மில்லாரியா என்ற பூஞ்சை. 965 ஹெக்டேர், அதாவது ஒன்பதரைச் சதுர கிலோமீட்டருக்கும் மேல், மண்ணுக்கடியில் பரவியிருக்கிறது. மழைக்குப்பின் சில வாரங்கள் மரத்தடியில் தேன்நிறக் காளான்கள் தலைகாட்டும். மற்ற நாட்களில் அது இருப்பதற்கு வெளியே தெரியும் சான்று செத்துக்கொண்டிருக்கும் மரங்கள் மட்டும்தான். பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளை மென்தோலாகப் படர்ந்திருக்கும். ஒரு மரத்தை முடித்தபின் கறுத்த இழைக்கற்றைகளை மண்ணில் நீட்டி அடுத்த மரத்தின் வேரைத் தேடும். கேத்தரின் பார்க்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் நோயுற்ற 112 மரங்களின் வேர்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். இரண்டு மாதிரிகளை ஒரே கண்ணாடித் தட்டில் அருகருகே வளரவிட்டால், இரண்டும் ஒரே உயிர் என்றால் இழைகள் கலந்துவிடும். வேறு வேறு என்றால் நடுவே ஒரு கோடு விழும், ஒன்றை ஒன்று ஏற்காது. இப்படிப் பார்த்ததில் 61 மரங்களைப் பற்றியிருந்தது ஒரே பூஞ்சை. அதன் வயது குறைந்தது 2,000 ஆண்டு இருக்கலாம், 8,000 ஆண்டுக்கும் மேலாகவும் இருக்கலாம் என்கிறார்கள்.

பூஞ்சைகளின் இந்தப் பேரளவு முதலில் தெரியவந்தது மிச்சிகனில். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப அமெரிக்கக் கடற்படை ஒரு மிகத்தாழ் அதிர்வெண் அலைபரப்பியை நிறுவியது. காட்டு உயிர்களை அது பாதிக்கிறதா என்று பார்க்கும் பணியில் மைரன் ஸ்மித், யோஹான் ப்ரூன், ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆகியோர் மண்பூஞ்சைகளைச் சேகரித்தார்கள். எங்கே தோண்டினாலும் ஒரே ஆள் கையில் அகப்பட்டது. 1992இல் 'நேச்சர்' இதழில் அதை அறிவித்தபோது 15 ஹெக்டேர், 100 டன், 1,500 ஆண்டு என்று கணக்கிட்டிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே காட்டுக்குத் திரும்பிப்போய் மறுபடி மாதிரி எடுத்தபோது பரப்பு 37 ஹெக்டேருக்கும் மேல், எடை 400 டன், வயது 2,500 ஆண்டு என்றானது. இவ்வளவு காலத்திலும் அதன் மரபணுவில் நேர்ந்திருந்த பிழைகள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. ஓர் ஆராய்ச்சியாளர் தன் வாழ்நாளில் ஒரே உயிரை இருமுறை சந்தித்துக் கணக்கைத் திருத்திக்கொள்வது அரிய நிகழ்வு. அந்தப் பொறுமைக்கு என் வணக்கம்.

2022இல் இன்னொரு செய்தி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே கடலடியில் விரிந்திருக்கும் பொசிடோனியா என்ற கடற்புல் வெளியில் எத்தனை தனிச்செடிகள் இருக்கின்றன என்று அறிய விரும்பினார்கள். அழிந்த பகுதிகளில் திரும்ப நடுவதற்கு எந்தச் செடியை எடுக்கலாம் என்பதற்காக எழுந்த, நடைமுறை சார்ந்த கேள்வி. பத்து இடங்களிலிருந்து குருத்துகளைக் கொண்டுவந்து 18,000 மரபணுக் குறிகளை ஒப்பிட்டார்கள். ஒன்பது இடங்களிலும் இருந்தது ஒரே செடி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 180 கிலோமீட்டர். பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர். கடல் உயர்ந்து அந்த விரிகுடா உருவான பின் என்றோ விழுந்த ஒரு விதை, கிடைத்தண்டை நீட்டி நீட்டி, சுமார் 4,500 ஆண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. சில பகுதிகளில் நீரின் உப்பு சாதாரணக் கடலைப்போல் இருமடங்கு. அங்கும் அது வளர்கிறது. இதற்கும் குரோமோசோம்கள் வழக்கத்தைவிட இருமடங்கு. உறவான செடிகளுக்கு 20, இதற்கு 40. அந்தப் புல்வெளியில் ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசுக்கள் பெருங்கூட்டமாக மேய்கின்றன. நம் பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததும் கடற்புல் இருந்தால்தான் அந்த விலங்கு இருக்கும் என்பதால்தான்.

பரப்பில் கடற்புல்லும் பூஞ்சையும் பாண்டோவைத் தோற்கடித்துவிட்டன என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு இந்தப் போட்டியில் அக்கறை இல்லை. இவை எல்லாம் சேர்ந்து எழுப்பும் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ஒரு உயிர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நம்மைப்போன்ற விலங்குகளுக்குத் தோல் எல்லை. தோலுக்குள் இருப்பது நான், வெளியே இருப்பது உலகம். ஒரு இதயம் நின்றால் முடிந்தது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மற்ற உயிர்களிடம் போவதால்தான் நமக்குத் தடுமாற்றம் வருகிறது. சாலை வெட்டியதால் பாண்டோ இரண்டாகிவிட்டதா? வேர்த்தொடர்பு எங்கேனும் அறுந்து, இரு பகுதிகள் தனித்தனியே வாழ்ந்தால் அவை ஒரு உயிரா, இரண்டா? உடலின் தொடர்ச்சியை வைத்துச் சொன்னால் ஒரு விடை, மரபணுவை வைத்துச் சொன்னால் வேறு விடை. அறிவியலாளர்களுக்குள் இதில் முழு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் அறியாமை அன்று. இயற்கை நம் வசதிக்காக எண்ணிவைக்கப்படவில்லை.

ஆலமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான சிந்தனையும் இல்லை. ஹவுராவின் தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தின் நடுத்தண்டு பூஞ்சை பிடித்து அழுகியதால் 1925இல் வெட்டி அகற்றப்பட்டது. சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலின் அடிமரம் 1989ஆம் ஆண்டுப் புயற்காற்றில் சாய்ந்தது. இரண்டும் இன்றும் விழுதுகளில் நிற்கின்றன. மக்கள் இன்றும் அதே மரத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். அடி இல்லாத மரத்தை அதே மரம் என்று ஏற்றுக்கொள்ள நமக்கு எந்தத் தயக்கமும் இருப்பதில்லை. தொடர்ந்து புதுப்பித்துக்கொள்வதையே நாம் உயிர் என்று கொள்கிறோம்.

பாண்டோவின் வயதும் அப்படிப்பட்டதுதான். 80,000 ஆண்டு என்ற எண் நெடுங்காலம் புழங்கியது. அதற்கு உறுதியான அடிப்படை குறைவு. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, தண்டுகளில் சேர்ந்திருக்கும் மரபணு மாற்றங்களை எண்ணி, 16,000 ஆண்டிலிருந்து 80,000 ஆண்டுக்குள் இருக்கலாம் என்கிறது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் மனிதர் முதல் நெல்லை விதைப்பதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. ஆனால் இன்று அங்கே நிற்கும் எந்தத் தண்டும் இரு நூற்றாண்டைக் கண்டதில்லை. அந்தப் பழமை முழுவதும், ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த கன்றை எழுப்பியதால் கிடைத்தது. அதன் அளவும் அவ்வாறே கிடைத்தது. 6,000 டன் என்பது சேர்த்துவைத்த சொத்து போலத் தோன்றும். உண்மையில் அது நாள்தோறும் சம்பாதித்தாக வேண்டிய வாழ்வு.

அந்தச் சம்பாத்தியம் இப்போது நின்றுகொண்டிருக்கிறது.

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ரோஜர்ஸும் டேரன் மக்அவோயும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 72 ஆண்டுக் கால வான்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். காடு ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது, இடைவெளிகள் அகல்கின்றன. தண்டுகள் சாவது புதிதல்ல, சாகத்தான் வேண்டும். செத்த இடத்தில் கன்று நிற்கவில்லை என்பதே புதிது. வேர் இன்னும் கன்றை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அது முழங்கால் உயரம் வருவதற்குள் மியூல் மான் கடித்துவிடுகிறது. ஆண்டில் சில வாரங்கள் மேயவரும் மாடுகளும் தின்கின்றன. தளிர் நுனியைத் தின்றால் அந்தக் கன்று முடிந்தது. மான்கள் ஏன் இவ்வளவு? அவற்றை விரட்டித் தின்ற ஓநாய்களை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மனிதர் யூட்டாவிலிருந்து ஒழித்துவிட்டார்கள். மலைச்சிங்கங்களும் வேட்டையாடப்பட்டுக் குறைந்துவிட்டன. குடில்களும் கூடாரங்களும் இருக்கும் இடத்தில் துப்பாக்கி வெடிப்பதில்லை, கொன்றுண்ணி வருவதும் இல்லை. எனவே மான்களுக்கு அதுவே பாதுகாப்பான இடம். பாண்டோவின் நடுவே மனிதர் தங்கியிருப்பதே மான்களை அங்கே தங்கவைக்கிறது.

மான்மீது எனக்குக் கோபம் இல்லை. பசிக்குத் தின்கிறது. பல்லாயிரம் ஆண்டு மானும் ஆஸ்பென்னும் சேர்ந்தே வாழ்ந்தவை. கணக்கில் மூன்றாவதாக இருந்த ஓநாயை நாம் அடித்து நீக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் இரண்டையும் தாமே சமாளித்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறோம். பனியுகத்தின் குளிரையும் எண்ணற்ற தீயையும் தாங்கிய உயிர், மான்களின் மேய்ச்சலைத் தாங்க முடியாமல் தளர்வது நமக்கு அவமானம். அதன் பேரளவு அதற்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. விதையால் பரவும் காடு ஓரிடத்தில் அழிந்தால் இன்னோரிடத்தில் முளைக்கும். இதற்கு அந்த வழியும் இல்லை. கன்று போனால் அதற்குப் போவது பிள்ளை மட்டும் அல்ல, நாளைய உடம்பே.

2013, 2014 ஆண்டுகளில் இரு கட்டமாக வேலி போட்டார்கள். முதல் வேலி நன்றாக இருந்தது, உள்ளே கன்றுகள் அடர்ந்து எழுந்தன. இரண்டாவதற்குள் பலவீனமான இடங்கள் வழியாக மான்கள் புகுந்துவிட்டன. ரோஜர்ஸ் 2022இல் திரும்பக் கணக்கெடுத்தபோது பாண்டோவின் பரப்பில் சுமார் 16 விழுக்காடு மட்டுமே சரியாக வேலியிடப்பட்டுத் தேறிவருகிறது என்று எழுதினார். மூன்றில் ஒரு பங்கு வேலிக்குள் இருந்தும் பழைய இழப்பிலிருந்து இன்னும் மீளவில்லை. ஏறக்குறைய பாதிக்கு வேலியே இல்லை. ஒரே உயிரின் மூன்று பகுதிகள் மூன்று வெவ்வேறு எதிர்காலத்தை நோக்கிப் போகின்றன என்பது அவர் கவலை. அவருடைய இன்னொரு கவலை எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலி கட்டிக்கொண்டே போனால் காட்டு உயிர் ஒன்றைத் தோட்டத்துச் செடியாக்கிவிடுவோம். வேலி கட்டுப் போட்ட மாதிரிதான். நோய், மேய்ச்சல் விலங்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஒலிப்பதிவாளர் ஜெஃப் ரைஸ் நீருக்கடியில் பயன்படுத்தும் ஒலிவாங்கியை மரத்தடிப் பொந்து ஒன்றில் வேரைத் தொடும்படி இறக்கி, இடிமழை நேரத்தில் பதிவு செய்திருக்கிறார். மேலே லட்சக்கணக்கான இலைகள் நடுங்குவது தண்டு வழியாக இறங்கி மண்ணுக்கடியில் தாழ்ந்த முழக்கமாகக் கேட்கிறது. இணையத்தில் கிடைக்கிறது, வாசகர்கள் ஒருமுறை கேட்கவேண்டும். கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆஸ்பென்னைத் தன் மாநில மரமாக யூட்டா 2014இல் அறிவித்தது. பாண்டோ நிற்கும் நிலம் அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே மாடு மேய அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அந்தத் துறையின் கையெழுத்து. எவ்வளவு மானை வேட்டையாடலாம் என்று வரையறுப்பது மாநிலத்தின் கையெழுத்து. மாட்டை அந்த 106 ஏக்கரிலிருந்து விலக்க வேண்டும், மான் கூட்டத்தைக் குறைக்க வேண்டும், மலைச்சிங்கத்தைச் சுடுவதை நிறுத்த வேண்டும். மூன்றும் இன்றே செய்யக்கூடியவை. வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது, இந்த வசந்தத்திலும் கன்று அனுப்பும்.